பழைய பெட்டி, பதினாறு போர்ட்டுகள்: செகண்ட் ஹேண்ட் கன்சோல் சர்வர் ஒன்றைப் பற்றி

பல கருவிகளின் சீரியல் கம்பிகளை ஓரிடத்தில் சேர்த்து நெட்வொர்க் வழியே அடையவைக்கும் பெட்டிதான் கன்சோல் சர்வர். பயன்படுத்திய ஒன்றை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் இரண்டு பாகமாகத்தான் பதில் இருக்கிறது. பின்பக்கத்து சீரியல் போர்ட்டுகளுக்காகத் தாராளமாக வாங்கலாம். அதே பெட்டியின் நெட்வொர்க் பக்கத்தை நம்பி வாங்கக் கூடாது. ஒரே உறைக்குள் இருந்தாலும் இந்த இரண்டு பக்கங்களுக்கும் வயது ஒரே மாதிரி ஏறுவதில்லை. சீரியல் இணைப்புக்கான ஆர்எஸ்-232 தரம் 1960இல் வந்தது. இன்று விற்கும் ஸ்விட்சின் கன்சோல் போர்ட்டும் அடிப்படையில் அதையேதான் பேசுகிறது. ஆனால் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட எஸ்எஸ்எச் (மறையாக்கத்தோடு தொலைவிலிருந்து உள்நுழையும் முறை) மென்பொருளுடன் இன்றைய கணினி பேசவே மறுக்கிறது. பழைய கன்சோல் சர்வரை வைத்து நான் செய்த வேலை முழுவதும் இந்த இடைவெளியைச் சமாளிக்கும் வேலைதான்.

என் பொறுப்பில் ஒரு ரேக் இருக்கிறது. ஸ்விட்சுகள், ரவுட்டர்கள், ஒரு ஃபயர்வால், ஒரு ஸ்டோரேஜ் பெட்டி, சில லினக்ஸ் சர்வர்கள், இன்னும் ஓய்வு கொடுக்க முடியாத, சன் என்ற கணினி நிறுவனத்தின் ஒரு பழைய சர்வர். சர்வர்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனி நிர்வாகச் சிப் உண்டு. தொலைவிலிருந்தே திரையைப் பார்க்கலாம். ஸ்விட்சுக்கும் ரவுட்டருக்கும் அந்த வசதி இல்லை. தவறான ஒரு விதி ஃபயர்வாலில் ஏறிவிட்டால், ஒரு ஸ்விட்ச் துவக்கத்திலேயே நின்றுவிட்டால், சீரியல் கம்பியைத் தவிர வேறு வழி கிடையாது. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ரேக்குக்கு ஓட வேண்டும், அல்லது எல்லாக் கம்பிகளும் ஏற்கெனவே ஓரிடத்தில் வந்து சேர்ந்திருக்க வேண்டும். இரண்டாவதைச் செய்துதருவது கன்சோல் சர்வர்.

மூன்று வகைகளை ரேக்கில் வைத்துப் பார்த்தேன்.

முதலாவது, சிஸ்கோ 2511. இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு அறிமுகமே தேவைப்படாத பெட்டி. 1990களின் ரவுட்டர் அது. பரிசோதனைக் கூடங்களில் கன்சோல் சர்வராக மறுபிறவி எடுத்தது. பின்பக்கத்தில் இரண்டு 68 ஊசிச் சாக்கெட்டுகள். ஒவ்வொன்றிலிருந்தும் எட்டு வால்களாகப் பிரியும் ஒரு கேபிள், ஆக்டல் கேபிள் என்பார்கள். மொத்தம் பதினாறு இணைப்புகள். அந்த வால்களின் முனையில் கம்பிகள் ஏற்கெனவே தலைகீழாக மாற்றப்பட்டிருப்பதால் சிஸ்கோ கருவியின் கன்சோலில் நேராகச் செருகினாலே போதும். பெட்டியின் முகவரியில் 2001 என்ற போர்ட்டுக்கு டெல்நெட் (மறையாக்கம் இல்லாத பழைய தொலை இணைப்பு முறை) செய்தால் முதல் இணைப்பு, 2016 என்றால் பதினாறாவது. இவ்வளவு எளிமையான எண் கணக்கு பிற்காலத்துப் பெட்டிகளில்கூடக் குறைவு.

முந்தைய உரிமையாளரின் கடவுச்சொல் இருந்தாலும் கவலையில்லை. மின்சாரம் கொடுத்த முதல் அறுபது நொடிக்குள் பிரேக் என்ற சீரியல் சமிக்ஞையை அனுப்பி, எப்படித் துவங்க வேண்டும் என்று சொல்லும் கான்ஃபிக் ரெஜிஸ்டரைப் பதின்அறும 2142க்கு மாற்றினால் சேமித்த அமைப்புகளைப் படிக்காமலேயே துவங்கும். வேலை முடிந்ததும் 2102க்குத் திருப்பிவிட வேண்டும். அதன் பிறகு இரண்டு விஷயங்களை உடனே சரிசெய்யுங்கள். இணைப்புகளில் 'நோ எக்செக்' போட வேண்டும். இல்லையென்றால் மறுமுனைக் கருவி உமிழும் துவக்கச் செய்திகளை யாரோ உள்நுழைய முயல்வதாக எண்ணி 2511 பதில் சொல்லத் தொடங்கும். இரண்டும் மாறி மாறிப் பேசிக்கொண்டே இருக்கும். நீங்கள் இணைய முயலும்போது 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்று வரும். இன்னொன்று, ஒவ்வோர் எழுத்தின் முடிவையும் குறிக்கும், இயல்பாக இரண்டாக இருக்கும் ஸ்டாப் பிட்டை ஒன்றாக்குவது.

2511இன் நெட்வொர்க் பக்கம்தான் இன்றைக்கு ஒத்துவராது. அதில் இருப்பது ஏயூஐ என்ற பழைய வகை 15 ஊசி ஈதர்நெட் சாக்கெட். சாதாரண ஈதர்நெட் கம்பியைச் செருக ஒரு மாற்றி தேவை. அதுவும் 10 மெகாபிட் வேகம் மட்டுமே. புதிய ஸ்விட்சுகளின் பல வேகமான போர்ட்டுகள் 10 மெகாபிட்டில் பேசுவதே இல்லை. ஆகவே அதற்கு முன்னால் ஒரு பழைய ஸ்விட்சையும் வைக்க வேண்டியிருக்கும். மூடிய பரிசோதனைக் கூடத்தில் படிக்கிறவருக்கு இன்றும் இது அருமையான கருவி. உண்மையான வேலை நடக்கும் ரேக்கில் டெல்நெட்டை மட்டும் நம்பி இதை வைக்க என் மனம் ஒப்பவில்லை.

வாங்கும்போது ஒரே ஒரு எச்சரிக்கை: ஆக்டல் கேபிள்கள் சேர்ந்து வருகின்றனவா என்று கேளுங்கள். எனக்கு விற்றவர் பெட்டியை மட்டும் அனுப்பினார். படத்தில் இருந்த கேபிள்கள் விற்பனைக்கு இல்லையாம். அந்த 68 ஊசிக் கேபிள் இல்லாத 2511 எதற்கும் பயன்படாது. தனியாகத் தேடினால் பெட்டியை விடக் கேபிள் கிடைப்பது கடினம்.

இரண்டாவதுதான் இந்தக் கட்டுரையின் நாயகன்: லினக்ஸ் உட்பொதிந்த, ஒரு யூனிட் உயரமுள்ள, பதினாறு ஆர்ஜே-45 போர்ட் கொண்ட கன்சோல் சர்வர். என்னிடம் இருப்பது எந்த நிறுவனத்துடையது என்று சொல்லப்போவதில்லை; நான் சொல்லும் குறைகள் அந்தத் தலைமுறைப் பெட்டிகள் எல்லாவற்றுக்கும் பொதுவானவை. சைக்ளேட்ஸ், அவோசென்ட், ஓபன்கியர், டிஜி, லான்ட்ரானிக்ஸ், ராரிடன், பெர்லே என்ற பெயர்கள் பழைய கருவிச் சந்தையில் அடிக்கடி கண்ணில் படும். கையேடு தேடும்போது பெயர் மாற்றங்களை நினைவில் வைத்திருங்கள். சைக்ளேட்ஸை 2006இல் அவோசென்ட் வாங்கியது. அவோசென்டை 2009இல் எமர்சன் வாங்கியது. எமர்சனின் அந்தப் பிரிவு 2016இல் கைமாறி வெர்ட்டிவ் ஆனது. ஓபன்கியர் 2019 இறுதியில் டிஜியிடம் போனது. ஒரே பெட்டிக்கான ஆவணம் மூன்று நான்கு பெயர்களில் சிதறிக் கிடப்பது இதனால்தான்.

பெட்டி கைக்கு வந்ததும் மூடியைத் திறந்து பார்த்தேன். பழைய கருவி எதையும் திறந்து பார்க்காமல் மின்சாரம் கொடுக்க மாட்டேன். பவர் சப்ளையின் கெப்பாசிட்டர்கள் தலை உப்பியிருக்கின்றனவா, போர்ட் வரிசைக்குப் பின்னாலுள்ள சிறு சிப்புகளில் கருகல் தெரிகிறதா, விசிறி விரலால் சுற்றினால் தடையின்றிச் சுற்றுகிறதா என்று பார்க்க ஒரு கைவிளக்கு போதும். கெப்பாசிட்டர்கள் நன்றாக இருந்தன. விசிறி மட்டும் கரகரத்தது. அதே அளவுள்ள புதிய விசிறி போட்டதும் அடங்கிவிட்டது. கடிகாரத்துக்கான நாணய வடிவ பேட்டரியும் செத்திருந்தது, அதையும் மாற்றினேன். பதிவுகளில் நேரம் தவறாக இருந்தால் பதிவே இல்லாததற்குச் சமம் என்பதால் இதை அலட்சியப்படுத்த வேண்டாம்.

துவக்கியதும் தெரிந்தது, முந்தைய நிறுவனத்தின் அமைப்புகள் முழுதாக அப்படியே இருந்தன. போர்ட் ஒவ்வொன்றுக்கும் அவர்களுடைய கருவியின் பெயர், உள் நெட்வொர்க் முகவரிகள், பயனர் பட்டியல். விற்ற இடைத்தரகர் அழிப்பதாக வாக்களித்திருந்தார், அழிக்கவில்லை. எதையும் படித்துக்கொண்டிருக்காமல் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பினேன். கன்சோல் சர்வரை விற்பவர்களுக்கு என் வேண்டுகோள் இது: ஒரு நிறுவனத்தின் மொத்த நெட்வொர்க்கின் வரைபடமும் இந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. வன்தட்டு இல்லை என்பதற்காக இதில் ஒன்றும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

அடுத்தது போர்ட் சோதனை. பயன்படுத்திய கருவியில் ஒன்றிரண்டு போர்ட்டுகள் இறந்திருக்க வாய்ப்புண்டு. ஆர்எஸ்-232 இணைப்பில் மின் தனிமைப்படுத்தல் கிடையாது. வேறு வேறு மின்சுற்றிலுள்ள இரண்டு ரேக்குகளைக் கம்பியால் இணைத்திருந்தால் தரை மின்னழுத்த வேறுபாடே டிரைவர் சிப்பைக் கொன்றிருக்கும். சோதிக்க ஒரு ஆர்ஜே-45 பிளக்கை எடுத்து, சிஸ்கோ வரிசைக்கு 3ஐயும் 6ஐயும், 1ஐயும் 8ஐயும், 2ஐயும் 7ஐயும் குறுக்கே இணைத்துக்கொள்ளுங்கள். அனுப்பும் கம்பி பெறும் கம்பியோடு சேர்வதால் நீங்கள் தட்டும் எழுத்து திரும்பி வரும். ஒவ்வொரு போர்ட்டிலும் இதைச் செருகி நான்கு எழுத்து தட்டினால் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். விற்பவர் திருப்பி எடுத்துக்கொள்ளும் காலக்கெடுவுக்குள் இதை முடித்துவிடுங்கள். என் பெட்டியில் பதினாறும் பதில் சொன்னது எனக்கு அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தது.

இனி கம்பிகள். இந்த வேலையில் நேரம் போவது இங்கேதான், எரிச்சல் வருவதும் இங்கேதான். ஆர்ஜே-45 என்பது பிளக்கின் வடிவம் மட்டுமே. எட்டு ஊசிகளில் எது எந்த வேலை செய்யும் என்று உற்பத்தியாளர்கள் ஒருவருக்கொருவர் ஒத்துப்போகவில்லை. சிஸ்கோ வரிசையில் 3 அனுப்புவது, 6 பெறுவது, 4ம் 5ம் தரை. இரு முனையிலும் இதே வரிசை இருந்தால் நடுவில் ரோல்ஓவர் கேபிள் வேண்டும்: ஒரு முனையின் 1 மறுமுனையின் 8, 2க்கு 7 என்று முழுதாகப் புரட்டியது. வேறு சில கருவிகளில் தரைக்கு ஒரே ஊசிதான். ஐந்தாவது ஊசி வேறு வேலை செய்யும். டிபி-9 என்ற ஒன்பது ஊசிச் சாக்கெட் உள்ள சர்வர்களில் 2 பெறுவது, 3 அனுப்புவது, 5 தரை.

கையேடு கிடைக்காத கருவியில் மல்ட்டிமீட்டரை எடுங்கள். ஆர்எஸ்-232இல் அனுப்பும் கம்பி சும்மா இருக்கும்போது எதிர் மின்னழுத்தத்தில் இருக்கும். தரைக்கும் ஒவ்வொரு ஊசிக்கும் இடையே அளந்தால், ஐந்திலிருந்து பன்னிரண்டு வோல்ட் வரை எதிராகக் காட்டும் ஊசி அனுப்புவது. நேர் மின்னழுத்தம் காட்டுபவை பெரும்பாலும் 'நான் தயார்' என்று சொல்லும் ஆர்டிஎஸ் அல்லது டிடிஆர். பூஜ்யத்துக்கு அருகில் கிடப்பவை உள்வாங்குபவை. இரு முனையிலும் இப்படி அளந்து, ஒருவர் அனுப்புவதை மற்றவர் பெறுவதோடு சேர்த்துவிட்டால் கையேடே தேவையில்லை. ஊசிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டாலும் தாங்க வேண்டும் என்பது இந்தத் தரத்தின் விதிகளில் ஒன்று. அதனால் பயமின்றி முயன்று பார்க்கலாம்.

அந்தத் தைரியத்துக்கு ஓர் எல்லை உண்டு. சிறு சர்க்யூட் பலகைக் கணினிகளில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சீரியல் ஊசிகள் 3.3 வோல்ட்டில் வேலை செய்பவை. அவற்றை நேராகக் கன்சோல் சர்வரில் இணைத்தால் பலகை போய்விடும். நடுவில் மின்னழுத்தம் மாற்றும் சிப் கட்டாயம். அதேபோல் கன்சோல் கம்பியும் நெட்வொர்க் கம்பியும் ஒரே தோற்றத்தில் இருப்பதால், கண்டபடி மின்சாரம் அனுப்பும் பாஸிவ் பிஓஈ சாதனத்தில் கன்சோல் கம்பி போய்ச் செருகப்பட்டால் விபரீதம்தான். என் ரேக்கில் கன்சோல் கம்பிகள் எல்லாம் ஒரே நிறம். வேறு எதற்கும் அந்த நிறத்தைத் தொடுவதில்லை.

வேகம் பற்றிச் சுருக்கமாக. நெட்வொர்க் கருவிகள் பெரும்பாலும் நொடிக்கு 9600 பிட்; லினக்ஸ் சர்வர்களுக்கு 115200 வைத்துக்கொள்கிறேன். ஓர் எழுத்துக்குத் துவக்கம், முடிவு சேர்த்துப் பத்துப் பிட் ஆவதால் 9600இல் நொடிக்கு 960 எழுத்துதான். எண்பதுக்கு இருபத்துநான்கு என்ற ஒரு திரை நிரம்பவே இரண்டு நொடி. இது கண்ணுக்கு மட்டுமான சங்கடம் இல்லை. லினக்ஸ் கர்னல் தன் செய்திகளைச் சீரியல் கன்சோலில் எழுதி முடிக்கும் வரை காத்திருக்கும். செய்திகள் கொட்டும் நேரத்தில் 9600இல் இருக்கும் சர்வர் மொத்தமும் தடுமாறுவதைப் பார்க்கலாம். ஆர்டிஎஸ், சிடிஎஸ் கம்பிகளை இணைக்காமல் அனுப்புவது, பெறுவது, தரை என்ற மூன்று கம்பி மட்டும் போட்டிருந்தால், அந்தக் கம்பிகளின் அனுமதிக்காகக் காத்திருக்கும் ஹார்ட்வேர் ஃப்ளோ கன்ட்ரோலை இரு பக்கமும் அணைத்துவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் அணைத்தால் திரையில் எதுவும் வராமல் காரணம் தெரியாமல் தவிப்பீர்கள்.

இப்போது நெட்வொர்க் பக்கம். என் லினக்ஸ் பெட்டி எஸ்எஸ்எச் தரும் என்பது விற்பனை விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருந்தது. பொய் இல்லை, தருகிறது. ஆனால் அது பேசுவது டிஃபி-ஹெல்மன் குரூப் 1, டிஎஸ்ஏ சாவி என்ற பலவீனமான பழைய மறையாக்க முறைகளை. இவற்றை, இன்றைய கணினிகளில் பரவலாக இருக்கும் எஸ்எஸ்எச் மென்பொருளான ஓபன்எஸ்எஸ்எச் 2015இல் வந்த 7.0 பதிப்பிலேயே இயல்பில் அணைத்துவிட்டது. ஷா-1 கையொப்பம் கொண்ட ஆர்எஸ்ஏவையும் 2021இல் 8.8 பதிப்பு கைவிட்டது. 2025இல் வந்த 10.0 பதிப்பில் டிஎஸ்ஏ முழுவதுமாகவே நீக்கப்பட்டுவிட்டது. கூடுதல் விருப்பங்களைக் கட்டளையில் சேர்த்து இன்னும் சில காலம் ஓட்டலாம். அப்படி ஓட்டும்போது பாதுகாப்பு என்ற சொல்லுக்கு அங்கே பொருளில்லை. வலைப்பக்க நிர்வாகம் இன்னும் மோசம். வலைப்பக்கங்களை மறையாக்கும் டிஎல்எஸ்ஸின் பழைய பதிப்புகளை 2020இல் உலாவிகள் கைவிட்டன. ஜாவா ஆப்லெட் உலகமோ எப்போதோ முடிந்துவிட்டது. உற்பத்தியாளரிடமிருந்து புதிய ஃபர்ம்வேர் வரப்போவதும் இல்லை.

நான் செய்த ஏற்பாடு இதுதான். அந்தப் பெட்டிக்கு முன்னால் இரண்டு நெட்வொர்க் போர்ட் உள்ள, விசிறியில்லாத, பயன்படுத்திய தின் கிளையன்ட் என்ற சிறு கணினி ஒன்றை வைத்தேன். ஒரு போர்ட் நிர்வாக நெட்வொர்க்குக்கு. மற்றது கன்சோல் சர்வரின் ஈதர்நெட்டுக்கு நேராக ஒரே கம்பி. நடுவில் ஸ்விட்ச் கிடையாது. கன்சோல் சர்வருக்கு வெளியுலகம் தெரியாது, கேட்வே முகவரியே கொடுக்கவில்லை. அதன் எல்லாப் போர்ட்டுகளும் மறையாக்கம் இல்லாத வெறும் டிசிபியில் ஓடுகின்றன. அரை அடிக் கம்பிக்குள் அடங்கிவிடுவதால் அது எனக்குச் சம்மதம். வெளியே தெரிவது தின் கிளையன்டில் மாதந்தோறும் புதுப்பிக்கப்படும் ஓபன்எஸ்எஸ்எச் மட்டுமே. பழைய பெட்டியின் பலம் சீரியல், புதிய மென்பொருளின் பலம் பாதுகாப்பு. இரண்டும் அவரவர் வேலையைச் செய்கிறார்கள்.

தின் கிளையன்டில் ஓடுவது கன்சர்வர். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டாம் ஃபைன் தொடங்கி, பிறகு பலர் கைபட்டு வளர்ந்த இலவச மென்பொருள். இதைப் பற்றி எழுதவே ஒரு தனிக் கட்டுரை வேண்டும். 'கன்சோல்' என்ற கட்டளையோடு கருவியின் பெயரைத் தட்டினால் இணைந்துவிடும். ஒருவர் எழுதும்போது மற்றவர்கள் பார்க்கலாம். தேவைப்பட்டால் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் எழுதும் உரிமையை வாங்கிக்கொள்ளலாம். கன்ட்ரோல்-இ, பிறகு சி, பிறகு ஒரு புள்ளி: வெளியே வந்துவிடலாம். பதினாறு போர்ட்டையும் தனித்தனியே எழுத வேண்டியதில்லை. அடிப்படை எண்ணையும் ஏறும் படியையும் சொன்னால் மிச்சத்தை அதுவே கணக்கிடும்.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது பதிவு. யாரும் பார்க்காத நேரத்திலும் கன்சர்வர் ஒவ்வொரு கன்சோலோடும் இணைந்தே இருக்கிறது. வரும் ஒவ்வொரு வரியையும் கோப்பில் எழுதுகிறது. ஒரு சர்வர் கர்னல் பேனிக்கில் (இயங்குதளத்தின் மையமான கர்னலே தொடர முடியாமல் நின்றுவிடும் நிலை) விழும்போது கடைசி வாக்குமூலம் வன்தட்டில் பதியாது; பதிய வேண்டிய கர்னலே விழுந்துவிட்டது. சீரியல் கம்பியில் மட்டும் வெளியே வந்துவிடும். காரணமின்றித் தானாகவே மறுதுவக்கமாகிறது என்று நாங்கள் மெமரியைச் சந்தேகித்துக்கொண்டிருந்த சர்வரின் பேனிக் செய்தி, கன்சர்வரின் கோப்பில் முழுதாக, ஸ்டோரேஜ் டிரைவரின் பெயரோடு கிடைத்தது. அந்த ஒரு பக்கத்துக்காகவே இந்த ஏற்பாட்டின் உழைப்பு எல்லாம் எனக்குச் சரியாகிவிட்டது.

பதிவுக் கோப்புகளின் அனுமதியை இறுக்கமாக வையுங்கள். கடவுச்சொல் கேட்கும் இடத்தில் தட்டுவது திரையில் தெரியாததால் பதிவாவதில்லை. ஆனால் அவசரத்தில் பயனர் பெயர் கேட்கும் இடத்திலேயே கடவுச்சொல்லைத் தட்டுபவர்கள் உண்டு. அது அப்படியே கோப்பில் இருக்கும். இன்னொன்று: மூன்று கம்பி இணைப்பில் நீங்கள் துண்டித்துப் போனது மறுமுனைக்குத் தெரியாது. முழு அதிகாரமுள்ள ரூட் பயனராக உள்ளே இருந்தபடியே விட்டுப் போனால் அடுத்து இணைபவர் ரூட். கருவிகள் எல்லாவற்றிலும் சும்மா இருந்தால் வெளியேற்றும் காலவரம்பை வைத்துவிடுங்கள்.

பிரேக் சமிக்ஞை பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. சன் சர்வரின் கன்சோலில் பிரேக் வந்தால் இயங்குதளம் அந்தக் கணமே நின்று 'ஓகே' என்ற தூண்டியில் காத்திருக்கும். சில பழைய கன்சோல் சர்வர்களை அணைத்து ஏற்றும்போது கம்பியின் மின்னழுத்தம் சரிவதே மறுமுனைக்குப் பிரேக்காகத் தெரியும். அந்தக் காலத்தில் சன்னுக்குப் பாதுகாப்பானது என்று சொல்லியே சில கன்சோல் சர்வர்களை விற்றார்கள். என் பெட்டியை சன்னோடு இணைத்து, வேலை எதுவும் ஓடாத நேரத்தில், மின்சாரத்தைப் பிடுங்கிப் பார்த்தேன். சன் அசையவில்லை. ஆனாலும் சன்னின் இயங்குதளமான சோலாரிஸில் பிரேக்குக்குப் பதிலாக ஒரு மாற்றுத் தொடரை அமைத்துவிட்டேன்: என்டர், டில்டே, கன்ட்ரோல்-பி என்ற மூன்றும் வரிசையாக வந்தால் மட்டுமே நிற்கும். லினக்ஸில் பிரேக் எதிரி அல்ல, நண்பன். பிரேக்கும் அடுத்த ஐந்து நொடிக்குள் ஓர் எழுத்தும் அனுப்பினால், கர்னலுக்கே நேராகக் கட்டளையிடும் மேஜிக் சிஸ்ரிக் வேலை செய்யும். உறைந்துபோன சர்வரைத் தட்டுகளை ஒத்திசைத்து மறுதுவக்கம் செய்யலாம். நீங்கள் வாங்கும் பெட்டி பிரேக்கைச் சரியாக அனுப்புகிறதா என்று முதல் நாளே பாருங்கள்.

மூன்றாவது வழி, பெட்டியே இல்லாமல் அந்தத் தின் கிளையன்டில் யுஎஸ்பி சீரியல் மாற்றிகளைச் செருகுவது. நான்கைந்து கருவிகளுக்கு மேல் இல்லாதவருக்கு இதுவே போதும் என்பேன். எஃப்டிடிஐ நிறுவனத்தின் சிப் உள்ள மாற்றிகளைத் தேடுங்கள். அவற்றில் பெரும்பாலும் தனித்தனி வரிசை எண் இருக்கும். லினக்ஸ் அந்த எண்ணை வைத்து மாறாத பெயர் கொடுக்கும். மலிவான சிப்புகள் பலவற்றில் அந்த எண் கிடையாது. அங்கே எந்த யுஎஸ்பி துளையில் செருகியிருக்கிறது என்பதை வைத்துத்தான் பெயரிட வேண்டும்; துளை மாறினால் பெயரும் மாறும். டிடிஒய்-யுஎஸ்பி 0, 1 என்ற இயல்புப் பெயர்களை மட்டும் ஒருபோதும் நம்பாதீர்கள். மறுதுவக்கத்துக்குப் பிறகு ஸ்விட்ச் என்று நினைத்து ஃபயர்வாலில் கட்டளை தட்டும் நிலை வரும். மோடம்மேனேஜர் என்ற சேவை இயங்கிக்கொண்டிருந்தால் நிறுத்திவிடுங்கள்; புதிதாகக் கண்ட சீரியல் போர்ட்டை மோடம் என்று எண்ணி அது கட்டளைகளை அனுப்பிப் பார்க்கும். உபுண்டு 22.04இல் பார்வையற்றோருக்கான பிரெயில் சேவை சிஎச்340 சிப்பைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும் சிக்கலும் இருந்தது. போலி எஃப்டிடிஐ சிப்புகளும் சந்தையில் நிறைய. நான் ஒரே விற்பனையாளரிடம் வாங்கிய கட்டில் சிலவற்றின் வரிசை எண் ஒன்றாகவே இருந்தது. போலிக்கு அதைவிட நல்ல அடையாளம் வேண்டாம்.

யுஎஸ்பி வழிக்கு ஒரு பெரிய நன்மையும் உண்டு. புதிய நெட்வொர்க் கருவிகள் சில ஆர்ஜே-45 கன்சோலை விட்டுவிட்டு யுஎஸ்பி கன்சோல் மட்டும் தருகின்றன. பழைய பதினாறு போர்ட் பெட்டி அவற்றின் முன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். தின் கிளையன்டோ நேராக இணைந்துவிடும். என் ரேக்கில் இப்போது பெரும்பாலானவை பெட்டியிலும் ஓரிரண்டு தின் கிளையன்டின் யுஎஸ்பியிலும் இருக்கின்றன. கன்சர்வருக்கு இரண்டும் ஒன்றே. இணைபவருக்கு வித்தியாசமே தெரியாது.

வாங்க முடிவெடுத்துவிட்டால், பெட்டியை எங்கே இணைப்பது என்பதை முதலிலேயே யோசியுங்கள். எந்த ஸ்விட்சைக் காப்பாற்ற இதை வைக்கிறீர்களோ அதே ஸ்விட்ச் வழியாகத்தான் இதை அடைய முடியும் என்றால் ஒரு பயனும் இல்லை. என் தின் கிளையன்டுக்கு ஒரு கைபேசி நெட்வொர்க் மோடம் தனியாக இருக்கிறது. அதிலிருந்து வயர்கார்டு என்ற விபிஎன் வழியே உள்ளே வரலாம். கன்சோல் சர்வரும் தின் கிளையன்டும் ரேக்கின் மற்றக் கருவிகளோடு சேராத தனி யுபிஎஸ்ஸில் இருக்கின்றன. அந்தப் பாதை வேலை செய்கிறதா என்று முக்கிய இணைப்பை வேண்டுமென்றே துண்டித்துச் சோதித்த பிறகுதான் பெட்டியை ரேக்கில் திருகு போட்டு முடுக்கினேன்.